வீட்டில் கணக்கு சொல்லித்தர எது சரி: குச்சியா, பயிற்சித்தாளா, விளையாட்டா, செயலியா, அபாகஸா, டியூஷனா?

பிள்ளை கணக்கில் தடுமாறுகிறது என்று தெரிந்ததும் பெற்றோர் முன்னால் பல வழிகள் வந்து நிற்கின்றன. பயிற்சிப் புத்தகம் வாங்கலாம், கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுக்கலாம், அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாம், டியூஷன் வைக்கலாம். குச்சியும் மணியும் எடுத்துக்கொண்டு தாங்களே உட்காரலாம். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறையைத்தான் தீர்க்கும். இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்ற இடமதிப்பு புரியாத பிள்ளைக்கு நூறு பயிற்சித்தாள் கொடுத்தாலும் பயனில்லை. புரிந்தும் மெதுவாகச் செய்கிற பிள்ளைக்கு மறுபடி குச்சியைக் கொடுத்தால் சலிப்புதான் மிஞ்சும். ஆகவே பிள்ளை எப்படித் தவறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வழியைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு.

இங்கே சொல்வதெல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, ஏறக்குறைய 5 முதல் 10 வயதுள்ள பிள்ளைகளுக்கு.

## முதலில் தவறைப் படியுங்கள்

ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், பத்து நிமிடம் போதும். கீழே உள்ள கேள்விகளில் பிள்ளையின் வகுப்புக்குப் பொருந்துவதை மட்டும் கொடுங்கள். விடை தப்பாக இருந்தாலும் அப்போது திருத்தாதீர்கள். "இது எப்படி வந்துச்சு, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். சரியான விடைக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். தப்பான விடைக்கு மட்டும் கேட்டால், கேட்டவுடனே பிள்ளை விடையை அழித்துவிடும்.

52 − 27. விடை 25. பிள்ளை 35 என்று எழுதினால், 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பத்தியிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று தனக்கென ஒரு விதியை அது வைத்திருக்கிறது. 52 என்பது 5 பத்தும் 2 ஒன்றும் என்ற எண்ணம் அங்கே இல்லை.

403 − 158. விடை 245. 355 வந்தால் மேலே சொன்ன அதே தவறு. 345 வந்தால் வேறு கதை: நடுவிலுள்ள பூச்சியத்தை 9 ஆக்கத் தெரிந்திருக்கிறது, ஆனால் அந்த 9 எங்கிருந்து வந்தது என்று தெரியாததால் 4-ஐ 3 ஆக்கவில்லை. படிகள் மனப்பாடம் ஆகியிருக்கின்றன, காரணம் ஏறவில்லை.

"நூற்று ஆறு" என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். 1006 என்று எழுதும் பிள்ளை, காதில் விழுந்தபடி 100-ஐ எழுதிப் பக்கத்தில் 6-ஐ வைக்கிறது. எண்பது, எண்ணூறு, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய நான்கையும் கலந்து சொல்லிப் பாருங்கள். தொண்ணூறில் 'நூறு' கேட்கிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' கேட்கிறது. இங்கே தடுமாறும் பிள்ளைகள் அதிகம். ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்கு ஃபிஃப்டீன், ஃபிஃப்டி போன்ற இணைகளைச் சொல்லிப் பாருங்கள்.

8 + 5. விடையை விட, எப்படிச் செய்கிறது என்பதுதான் முக்கியம். 1-இலிருந்து எல்லாவற்றையும் எண்ணுகிறதா, 8-ஐ மனத்தில் வைத்து 9, 10, 11, 12, 13 என்று மேலே எண்ணுகிறதா, 8-உடன் 2 சேர்த்துப் பத்தாக்கி மீதி 3-ஐக் கூட்டுகிறதா? இந்த மூன்றும் மூன்று படிகள். விடை 12 வந்தால், "8, 9, 10, 11, 12" என்று 8-ஐயும் சேர்த்து ஐந்து எண்ணியிருக்கிறது.

8 + 4 = ▢ + 5. கட்டத்தில் வரவேண்டியது 7. 12 என்று எழுதினால், "=" என்பதை 'இதற்குப் பக்கத்தில் விடை எழுது' என்ற கட்டளையாகப் படிக்கிறது. இரு பக்கமும் சமம் என்பது தெரியவில்லை. இது இப்போது சின்னதாகத் தெரியும். இயற்கணிதம் வரும்போது இதுவே பெரிய தடையாக நிற்கும்.

மாலாவிடம் 8 பென்சில் இருக்கிறது. அது கண்ணனிடம் இருப்பதைவிட 3 அதிகம். கண்ணனிடம் எத்தனை? 11 என்று சொன்னால், 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிட்டது. கணக்கை முழுதாகப் படிக்கவில்லை.

இப்போது ஓரளவு வகை பிரிக்கலாம். முதல் மூன்றிலும் ஐந்தாவதிலும் விழுந்தால் கருத்துக் குறை. எல்லாம் சரி, ஆனால் 8 + 5-க்கே விரலும் அரை நிமிடமும் தேவைப்பட்டால் பழக்கக் குறை. கடைசியில் மட்டும் விழுந்தால் வாசிப்புக் குறை. தாளைக் கண்டதுமே கண் கலங்கினால், அல்லது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தால், மற்ற எதற்கும் முன் அந்தப் பயத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகள். கருத்து புரிகிறதா, விடை மட்டும் வருகிறதா? பிள்ளை தவறும்போது, எந்தப் படியில் தவறியது என்று யாருக்காவது தெரிகிறதா? பெரியவர் ஒருவர் தினமும் எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்? கற்றது பள்ளி நோட்டில் எழுதும் கணக்காக மாறுகிறதா? கடைசியாக, அந்த உதவியை ஒருநாள் விட்டுவிட முடிகிறதா, அல்லது அது இல்லாமல் கணக்கே போட முடியாத நிலை வந்துவிடுகிறதா?

பலரும் பார்ப்பது வேகத்தை. வேகம் தேவைதான், ஆனால் கடைசியில் வரவேண்டியது. அதை முதல் அளவுகோலாக வைத்தால் தேர்வு தப்பாகவே முடியும்.

| வழி | கருத்து புரிதல் | தவறு வெளியே தெரிவது | பெரியவர் நேரம் | நோட்டுக்கு மாறுவது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| குச்சி, மணி, கட்டை | மிக நன்று | கண்ணெதிரே தெரியும் | தினம் 15 நிமிடம், முழுக் கவனம் | கூடவே எழுதினால் மட்டும் | பெரியவரின் பொறுமை |
| பயிற்சித்தாள் | குறைவு | விடை தெரியும், வழி தெரியாது | 5 நிமிடமும் திருத்தும் நேரமும் | நேராக | தப்பான முறை ஊறிவிடுவது |
| சீட்டு, பகடை | எண் உணர்வுக்கு நன்று | ஓரளவு | 15 நிமிடம், கூட விளையாட வேண்டும் | மெதுவாக | தோற்கும் பிள்ளையின் மனம் |
| செயலி | செயலியைப் பொறுத்தது | பெரும்பாலும் தெரியாது | குறைவாகத் தோன்றும் | சோதித்துப் பார்க்க வேண்டும் | திரைநேரம், ஊகித்து விடை தட்டுவது |
| அபாகஸ் | குறைவு | ஆசிரியருக்குத் தெரியும் | வகுப்பும் தினசரிப் பயிற்சியும் | கூட்டல் கழித்தல் வேகத்தில் | பல ஆண்டுத் தொடர்ச்சி |
| டியூஷன் | ஆசிரியரைப் பொறுத்தது | நல்ல ஆசிரியருக்குத் தெரியும் | அழைத்துப்போக, கேட்டறிய | நேராக | வீட்டுப்பாடம் முடிக்கும் இடமாகிவிடுவது |

## குச்சியும் கட்டும்: கருத்துக் குறைக்கு முதல் மருந்து

கையால் தொட்டு நகர்த்தக்கூடிய பொருளில் தொடங்கி, படத்துக்குப் போய், பிறகு எண்ணுக்கு வருவது. இந்த வரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் விளக்கி எழுதினார். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் கணக்குப் பாடத்திட்டம் இதன்மீதுதான் கட்டப்பட்டது.

தேவையானவை: ஒரே அளவான குச்சிகள் 120, ரப்பர் வளையங்கள் 12, நடுவில் கோடு போட்ட ஒரு பெரிய தாள். தாளின் இடப்பக்கம் 'பத்துகள்', வலப்பக்கம் 'ஒன்றுகள்'. பத்துப் பத்தாக எண்ணிக் கட்டும் வேலையைப் பிள்ளையே செய்ய வேண்டும். நீங்கள் கட்டி வைத்துக் கொடுத்தால், கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பது உங்கள் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும்.

52 − 27 எப்படிப் போக வேண்டும் என்று பார்ப்போம். இடப்பக்கம் 5 கட்டு, வலப்பக்கம் 2 குச்சி. "ஏழு குச்சி எடு" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று பிள்ளை யோசிக்கும் அந்த அரை நிமிடம் மிகவும் முக்கியம், அதில் குறுக்கிடக் கூடாது. ஒரு கட்டைப் பிரிக்கலாம் என்று அதுவே சொன்னால் பாதி வேலை முடிந்தது. பிரித்து வலப்பக்கம் கொட்டியதும் 4 கட்டு, 12 குச்சி. அதே நொடியில் நோட்டில் 5-ஐ அடித்து 4 எழுத வேண்டும், 2-ஐ அடித்து 12 எழுத வேண்டும். 7 குச்சி எடுத்தால் 5 மீதி, எழுது. 2 கட்டு எடுத்தால் 2 மீதி, எழுது. விடை 25.

ஒரு அசைவுக்கு ஒரு எழுத்து. இதை விட்டால்தான் வீட்டில் நடக்கும் பெரும்பாலான முயற்சிகள் வீணாகின்றன. குச்சியில் சரியாகச் செய்யும் பிள்ளை நோட்டில் மறுபடி 35 எழுதுகிறதே என்று வியப்பார்கள். குச்சி வேறு கணக்கு, நோட்டு வேறு கணக்கு என்றே அது பிரித்து வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்று என்று அதற்கு யாரும் காட்டவில்லை.

நான்கைந்து நாள் குச்சியில் சரியாக வந்தபின் படத்துக்கு மாறுங்கள். பத்துக்கு நெட்டுக்கோடு, ஒன்றுக்குப் புள்ளி. 52 என்றால் ஐந்து கோடு, இரண்டு புள்ளி. ஒரு கோட்டை அடித்துப் பத்துப் புள்ளி வைப்பதுதான் கட்டைப் பிரிப்பது. அதற்கும் பிறகே எண் மட்டும்.

கடையில் கிடைக்கும் கட்டைகள், அதாவது ஒன்றுக்குச் சிறு கனசதுரம், பத்துக்குக் கோல், நூறுக்குத் தகடு என்று வரும் தொகுப்பு, சோல்டான் டீனஸ் என்ற கணித ஆசிரியரின் பெயரால் அறியப்படுவது. இவை நல்லவை. ஆனால் பத்துக் கோலைப் பிரிக்க முடியாது, பத்துக் கனசதுரத்துக்கு மாற்றத்தான் முடியும். ஆகவே தொடக்கத்தில் குச்சிக்கட்டே மேல். மூன்று இலக்கத்துக்குப் போகும்போது கட்டைகள் மேல், 403 குச்சியை யாரால் எண்ணிக்கொண்டிருக்க முடியும்? நிறத்தால் மதிப்பைக் காட்டும் வில்லைகள் மூன்றாவது படி. சிவப்பு என்றால் பத்து என்பது வெறும் ஒப்பந்தம்தான், அந்த வில்லைக்குள் பத்து எதுவும் இல்லை. அதைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் பிள்ளைக்கு எட்டாது.

பெருக்கலுக்கு மணிகளை 4 வரிசை, வரிசைக்கு 6 என்று ஒரு தாள்மீது அடுக்கச் சொல்லுங்கள். தாளைக் கால்வட்டம் திருப்பினால் 6 வரிசை, வரிசைக்கு 4. மணி ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. 4 × 6-உம் 6 × 4-உம் ஏன் ஒன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. பின்னத்துக்குக் காகிதப் பட்டை. நீளம் சரியாக 24 செ.மீ. இருக்கட்டும். பாதி 12, மூன்றில் ஒன்று 8, நான்கில் ஒன்று 6, ஆறில் ஒன்று 4, எட்டில் ஒன்று 3 என்று எல்லாமே முழு செ.மீ.-இல் வரும். பட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால், 4 என்பது 3-ஐவிடப் பெரியது என்பதால் 1/4-உம் 1/3-ஐவிடப் பெரியது என்று நினைக்கும் தவறு கண்ணாலேயே திருந்தும். கையால் வட்டம் வரைந்து மூன்றாகப் பிரித்துக் காட்டாதீர்கள். துண்டுகள் சமமாக வராது, சமத் துண்டு என்ற அடிப்படையே கெட்டுவிடும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் இன்னும் சில. விலங்கு வடிவத்தில் வண்ண வண்ணமாக வரும் எண்ணுபொருள்களில் பிள்ளையின் கவனம் பொம்மைக்குப் போய்விடும், எண்ணுக்கு வராது. சாதாரணக் குச்சியே நல்லது. பெரியவர் அவசரப்பட்டுத் தாமே நகர்த்திக் காட்டினால் பிள்ளை பார்வையாளர் ஆகிவிடுகிறது. அதிகநாள் இதிலேயே தங்கிவிடுவதும் தவறு. எப்போது விடுவது என்று தெரிய, குச்சிகளைத் துணியால் மூடிவிட்டு, "ஒரு கட்டைப் பிரிச்சா எத்தனை கட்டு, எத்தனை குச்சி?" என்று கேளுங்கள். பார்க்காமலே சொல்லிவிட்டால் குச்சியின் வேலை முடிந்தது. வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் மணி போன்ற சிறு பொருள்களை எண்ணி எடுத்து, எண்ணி உள்ளே வையுங்கள். தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்மையானது.

இது யாருக்கு: மேலே 35, 355, 345, 1006 எழுதிய பிள்ளைக்கு. ஐந்தாம் வகுப்பாக இருந்தாலும் சரி, குச்சியை எடுக்க வெட்கப்பட வேண்டியதில்லை. விடை சரியாகவும் மெதுவாகவும் வரும் பிள்ளைக்கு இது வேண்டாம்.

## பயிற்சித்தாள்: புரிந்தபின் கொடுக்க வேண்டியது

பழக்கம் இல்லாமல் கணக்கு நிற்காது, பயிற்சித்தாளுக்கு மாற்றும் கிடையாது. சிக்கல் அதன் அமைப்பில் இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கக் கூட்டல், அடுத்த பக்கம் முழுக்கக் கழித்தல் என்று இருந்தால் பிள்ளை குறியையே பார்க்காமல் போட்டுக்கொண்டு போகும். பக்கம் நிறைய சரி வரும். தேர்வில் எல்லாம் கலந்து வந்ததும் தடுமாறும்.

ஆகவே புத்தகத்தை அச்சிட்ட வரிசையில் செய்ய வைக்காதீர்கள். தினமும் 10 கணக்கு: 4 இப்போது படிக்கும் பாடத்தில், 4 போன வாரப் பாடத்தில், 2 அதற்கும் பழையதில். கலந்து கொடுக்கும்போது முதல் வாரம் தவறுகள் கூடத்தான் செய்யும். அதைக் கண்டு பழைய முறைக்குத் திரும்பிவிட வேண்டாம், எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று இப்போதுதான் பிள்ளை யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட வாரத்தில் ஆறு நாள் பத்துப் பத்து நிமிடம் நன்றாக நிற்கும்.

முதல் மூன்று கணக்கு முடிந்ததும் எட்டிப் பாருங்கள். மூன்றும் ஒரே விதத்தில் தப்பாக இருந்தால் அங்கேயே தாளை மூடுங்கள். மீதி ஏழையும் போட விட்டால், தப்பான முறையில் ஏழு தடவை பயிற்சி கொடுத்ததாகும். பயிற்சித்தாளின் உண்மையான செலவு இதுதான். தாளுக்குத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளத் தெரியாது. அடுத்தநாள் திருத்தலாம் என்று வைத்தாலும், பிள்ளை அதற்குள் எப்படிச் செய்தோம் என்பதை மறந்திருக்கும்.

இலக்கங்கள் நேர்க்கோட்டில் நிற்காமல் சரிவதால் வரும் தவறுகளுக்கு 1 செ.மீ. கட்டம் போட்ட நோட்டு போதும். கட்டத்துக்கு ஓர் இலக்கம். "=" குறியின் தவறான பழக்கத்தை முறிக்க, 12 = 7 + ▢ என்றும் ▢ − 6 = 9 என்றும் விடைக் கட்டத்தை இடம் மாற்றிக் கொடுங்கள். 99 + 47 போன்ற கணக்குகளைப் பக்கவாட்டில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். 100 + 46 என்று மாற்றிச் சொல்லும் பிள்ளைக்கு எண்ணோடு நல்ல பழக்கம் வந்துவிட்டது. உடனே கீழே கீழே எழுதிக் கூட்டத் தொடங்கும் பிள்ளை செய்வதும் சரிதான், ஆனால் அதற்கு மனக்கணக்கு இன்னும் வேண்டும்.

நேரம் குறித்து ஓட்டுவது, புரிந்து செய்கிற பிள்ளைக்கு மட்டும். அதுவும் நேற்றைய தன் நேரத்தோடு ஒப்பிட்டால் போதும், அக்காவின் நேரத்தோடு வேண்டாம்.

### வாய்ப்பாடு

100 பெருக்கல்களை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நினைத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். 10 × 10 வரை இருப்பவை 100. 3 × 7-உம் 7 × 3-உம் ஒன்று என்று மணி அடுக்கில் பார்த்தாகிவிட்டதால் 55 போதும். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எளிதில் வந்துவிடும், அவற்றை எடுத்தால் மீதி 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டை, பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்துச் சொல்லலாம்: 9 × 7 என்றால் 70 − 7 = 63. அதையும் எடுத்தால் 15-தான் பாக்கி. 3, 4, 6, 7, 8 ஆகிய ஐந்து எண்களுக்குள் நடக்கும் பெருக்கல்கள் அவை. 15 சிறு அட்டையில் எழுதிக்கொண்டால் முடிந்தது.

ராகம் போட்டு ஒப்பிப்பதை மட்டும் நம்பினால், 7 × 8 கேட்டதும் பிள்ளை ஏழொன்று ஏழிலிருந்து தொடங்கி நடந்து வர வேண்டியிருக்கும். ஒப்பிப்பது கெடுதல் இல்லை, அது பாதி வேலை. அட்டைகளைக் கலைத்துக் கேட்பது மறு பாதி. ஒரு தடவைக்கு ஐந்து அட்டை: தெரிந்தது மூன்று, புதியது இரண்டு. 7 × 8 நிலைத்ததும் "56-இல் எத்தனை எட்டு?" என்று திருப்பிக் கேளுங்கள். வகுத்தல் அங்கேயே தொடங்கிவிடும்.

## சீட்டும் பகடையும்

எண் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்கும், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது நல்ல தொடக்கம். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் எழுதிய கட்டப் பலகையில் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகள் விளையாடினார்கள். 15 நிமிடம் வீதம் நான்கே தடவை. எந்த எண் பெரியது, எண்கோட்டில் எங்கே வரும் என்பதில் அவர்களுக்குத் தெளிவான முன்னேற்றம் இருந்தது. எண்ணுக்குப் பதில் வெறும் வண்ணக் கட்டத்தில் விளையாடிய பிள்ளைகளுக்கு அது இல்லை.

பலன் கிடைப்பது எண்ணும் விதத்தில். காய் 5-இல் இருக்கிறது, பகடையில் 2 விழுந்தது. "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தக் கூடாது. கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லி, "ஆறு, ஏழு" என்று நகர்த்த வேண்டும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாம்பும் ஏணியும் பலகையில் ஒரு கோளாறு உண்டு. வரிசைகள் பாம்பு போல வளைந்து போவதால் 3-க்கு மேலே 18 இருக்கும், 13 இருக்காது. எண்ணிப் பழக அது போதும். ஆனால் பத்து கூட்டினால் என்ன ஆகும் என்பதை அது காட்டாது. அதற்கு எல்லா வரிசையும் இடமிருந்து வலமாகவே போகும் 1 முதல் 100 வரையிலான கட்டத்தாளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதில் 3-க்கு நேர்கீழே 13, 23, 33 என்று இறங்கும்.

சீட்டுக்கட்டில் படச்சீட்டுகளையும் பத்துகளையும் எடுத்துவிட்டு, ஏஸ் (A) சீட்டை 1 என்று வைத்துக்கொண்டால் 36 சீட்டு. 12 சீட்டை முகம் மேலே தெரியப் பரப்பிப் பத்தாகும் இணைகளை எடுக்கச் சொல்லுங்கள், எடுத்த இடத்தில் புதுச்சீட்டு போடுங்கள். 8 + 5-ஐப் பத்தாக்கிச் செய்யத் தேவையான அடித்தளம் இதுதான். பகடை மட்டும் வைத்து விளையாடினால் 6-க்கு மேல் எண் வராது. 7 + 8, 9 + 6 போன்ற, பிள்ளைகள் உண்மையில் திணறும் கூட்டல்கள் பழகாமலே போகும். அண்ணனும் தம்பியும் ஒன்றாக விளையாடினால் பெரியவன் விடையைச் சொல்லிவிடுவான், சின்னவன் எண்ணுவதையே நிறுத்திவிடுவான். அவர்களைத் தனித்தனியாக விளையாட வையுங்கள்.

## செயலி

பிள்ளை எத்தனை தடவை தவறினாலும் செயலி முகம் சுளிக்காது, சரியா தப்பா என்று உடனே சொல்லும். இவை சின்ன நன்மைகள் அல்ல. ஆனால் நான்கு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும் செயலியில், ஒன்றும் தெரியாமலே நான்கில் ஒரு தடவை சரியாக வரும். நட்சத்திரத்துக்காக வேகவேகமாகத் தட்டப் பழகிய பிள்ளை, கணக்கைப் பார்ப்பதை விட்டுவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது பாருங்கள்: விடையை எழுதச் சொல்கிறதா, தப்பானால் படம் வைத்து விளக்குகிறதா, கடிகாரத்தை அணைக்க முடிகிறதா, எந்தக் கணக்கு தப்பியது என்று பெரியவருக்குக் காட்டுகிறதா, நடுவில் விளம்பரம் வருகிறதா. பிறகு ஒரு சோதனை. பத்து நிமிடம் செயலியில் செய்த அதே வகையில் 5 கணக்கைத் தாளில் கொடுங்கள். திரையில் எல்லாம் சரி, தாளில் இரண்டுதான் சரி என்றால் அந்தச் செயலி உங்கள் பிள்ளைக்குச் சொல்லித்தரவில்லை.

2015-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு கவனிக்கத்தக்கது. அதில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து, செயலியிலுள்ள சிறு கணக்குக் கதையைப் படித்துப் பேசினார்கள். கணக்கென்றாலே பதறும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் அதனால் கூடுதல் பலன். அங்கே செயலி ஒரு பேச்சைத் தொடங்கி வைத்தது. பிள்ளையைத் தனியே உட்கார வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இது யாருக்கு: கருத்து புரிந்த, பழக்கம் மட்டும் வேண்டிய பிள்ளைக்கு, தினம் பத்து நிமிடம்.

## அபாகஸ்

இப்போது வகுப்புகளில் பரவலாக இருக்கும் ஜப்பானிய வகையில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே 5 மதிப்புள்ள ஒரு மணி, கீழே 1 மதிப்புள்ள நான்கு மணிகள். கீழ்மணி போதாதபோது 4 கூட்ட வேண்டுமானால் 5-ஐச் சேர்த்து 1-ஐ எடுப்பது போல, ஐந்துக்கும் பத்துக்கும் துணையான எண்களை வைத்தே எல்லாம் நடக்கிறது. நாளடைவில் மணிச்சட்டத்தை மனத்திலேயே பார்த்துக் கணக்கிடுவார்கள்.

வேகம் வருவது உண்மை. 2016-இல் வெளியான, இந்தியப் பள்ளிப் பிள்ளைகளை மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், அபாகஸ் கற்றவர்கள் எண்கணிதத்தில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். நினைவாற்றல் போன்ற பொதுவான அறிவுத்திறன்கள் அதனால் கூடவில்லை. மூளைத்திறன் வளரும் என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்க்க வேண்டாம்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று காலம்: சில மாதத்தில் விட்டால் பெரிதாக எதுவும் நிற்காது. இரண்டு, திசை: அபாகஸில் இடமிருந்து வலம், பள்ளி நோட்டில் வலமிருந்து இடம். இடமதிப்பு உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டல்ல. 35 எழுதும் பிள்ளைக்கு இது குழப்பத்தின்மேல் குழப்பம். பின்னம், வாசகக் கணக்கு, அளவைகள் இவற்றுக்கெல்லாம் இது உதவாது. 7 வயது கடந்து, இடமதிப்பு தெளிவாகி, எண்களோடு விளையாட ஆசைப்படும் பிள்ளைக்கு நல்ல தேர்வு.

## டியூஷன், அல்லது வேறொரு பெரியவர்

2015-இல் வந்த இன்னோர் ஆய்வு, கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது, அவர்கள் பிள்ளைகள் அந்தக் கல்வியாண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றார்கள், பயமும் கூடியது என்று காட்டியது. வீட்டில் கணக்கு நோட்டைத் திறந்தாலே குரல் உயர்கிறது, பிள்ளை அழுகிறது என்றால் அங்கே இன்னொருவர் வருவதே நல்லது. சம்பளம் வாங்கும் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமையுள்ள தாத்தாவோ சித்தியோ போதும்.

பெற்றோர் கற்ற முறையும் பிள்ளையின் பள்ளிமுறையும் மோதுவதும் அடிக்கடி நடக்கிறது. 52 − 27-இல் மேலே கடன் வாங்கி, கீழேயுள்ள 2-ஐ 3 ஆக்கித் திருப்பிக் கொடுக்கும் முறையில் படித்தவர்கள் இருக்கிறார்கள். இன்று பெரும்பாலும் மேலேயுள்ள 5-ஐ 4 ஆக்குகிறார்கள். இரண்டும் சரி. இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்கும் பிள்ளை, மேலே 4 கீழே 3 என்று வைத்து 15 எழுதும். "உங்க டீச்சர் எப்படிச் செய்வாங்க, காட்டு" என்று முதலில் கேட்டுவிட்டு உதவத் தொடங்குங்கள்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு அடையாளம் போதும். பிள்ளை தப்பாகச் சொன்னதும் சரியான விடையைச் சொல்லிக்கொடுக்கிறாரா, எப்படி வந்தது என்று கேட்கிறாரா? பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் முடிக்கும் இடத்தில் நோட்டு நிறையும், குறை அப்படியே இருக்கும். மாதம் ஒருமுறை, பிள்ளை என்ன மாதிரித் தவறு செய்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். "கவனம் பத்தலை" என்பது மட்டுமே பதிலாக வந்துகொண்டிருந்தால் ஆசிரியரை மாற்றலாம்.

## உங்கள் பிள்ளைக்கு எது

- 35 அல்லது 1006 எழுதுகிறது: மூன்று வாரம் குச்சி, கூடவே நோட்டு. அதுவரை பயிற்சித்தாளும் அபாகஸும் வேண்டாம்.
- சரியாகச் செய்கிறது, மெதுவாக: பத்தாகும் சீட்டு விளையாட்டு, 15 வாய்ப்பாட்டு அட்டை, தினம் 10 கலந்த கணக்கு. பெரியவருக்கு நேரமே இல்லை என்றால் அட்டைக்குப் பதில் நல்ல செயலி.
- வாசகக் கணக்கில் மட்டும் விழுகிறது: எண்களை மறைத்துவிட்டுக் கணக்கைச் சொல்லுங்கள். "மாலாகிட்ட கொஞ்சம் பென்சில் இருக்கு, கண்ணனைவிட அதிகம். யாருகிட்ட குறைவு?" கதையைப் படமாக வரைந்தபின்தான் எண்ணைக் காட்ட வேண்டும்.
- பயப்படுகிறது: இரண்டு வாரம் நோட்டே வேண்டாம், விளையாட்டு மட்டும். தேவைப்பட்டால் சொல்லித்தரும் ஆளை மாற்றுங்கள்.
- எல்லாம் வருகிறது, இன்னும் கேட்கிறது: அபாகஸ் சேர்க்கலாம். அல்லது விடை 24 வருமாறு எத்தனை கணக்கு எழுத முடியும் என்று கேட்டு ஒரு தாளைக் கொடுத்துவிடலாம்.

எந்த வழியாக இருந்தாலும் மூன்று வாரம் கழித்து, முதல்நாள் கொடுத்த அதே வகைக் கேள்விகளை எண் மாற்றிக் கொடுங்கள்: 52 − 27-க்குப் பதில் 63 − 38, நூற்று ஆறுக்குப் பதில் இருநூற்று நான்கு. அதே தவறு அப்படியே இருந்தால் நேரத்தைக் கூட்டாதீர்கள், வழியை மாற்றுங்கள். 8 வயதாகியும் மூன்று நான்கு புள்ளிகளைப் பார்த்ததும் எண்ணாமல் சொல்ல முடியவில்லை, 7 பெரியதா 9 பெரியதா என்பதற்கே விரல் தேவை, மாதக்கணக்கில் பொறுமையாகச் சொல்லித்தந்தும் இவை மாறவில்லை என்றால் அது சோம்பலாகவோ பிடிவாதமாகவோ இருக்க வாய்ப்பு குறைவு. கணக்கைக் கற்பதில் மட்டும் வரும் கற்றல் குறைபாடு ஒன்று உண்டு. பார்வையையும் கேட்கும் திறனையும் பரிசோதித்துவிட்டு, பள்ளியிடம் சொல்லிக் கற்றல் குறைபாடுகளைக் கணிக்கத் தெரிந்த நிபுணரைப் பாருங்கள். போகும்போது பிள்ளை போட்ட தாள்களை, தப்பு விடைகளை அழிக்காமல், அப்படியே எடுத்துப் போங்கள்.